அறுபதும் அறுபத்தொன்றும்

3.6.24

தேதியை நானே போட்டேன். எழுத்து எனக்குத் தெரியாது, எண் தெரியும். இது போன வருஷத்து டைரி. அதில் அச்சடித்திருந்த தேதியை அடித்துவிட்டு இந்த வருஷத்து எண்ணைப் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுக் குருபாதம் எழுதுவது. தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பத்தெட்டு வருஷம் மனு எழுதியவர். எடுத்த எடுப்பில் ‘பெறுநர்’ என்று ஆரம்பித்தார். அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னேன்.

“யாருக்குன்னு இல்லாம எப்படி அண்ணாச்சி எழுதுறது?”

“யாருக்கும் இல்ல வே. நாம்பாட்டுக்குச் சொல்லுதேன், நீரு எழுதும்.”

விஷயம் இதுதான். நேற்று சென்னையிலிருந்து கார்குழலி என்று ஒரு பெண் வந்தாள். புத்தகம் போடுகிற கம்பெனியில் வேலை. எஸ்தர் சௌந்தரம் எழுதிய பிள்ளைகள் கதைப் புத்தகங்கள் பன்னிரண்டையும் திரும்ப அச்சடிக்கப் போகிறார்களாம். தீவு, மாயக் கிணறு, பேசும் படகு என்று ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைச் சோறு தின்னவிடாமல் அடித்த புத்தகங்கள். நான் அவர்களை ஆப்பரேட்டரம்மா என்றுதான் கூப்பிடுவேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். இந்தத் தூத்துக்குடியில் ராயன் அச்சகத்தில் அந்தப் பன்னிரண்டையும் காலால் மிதிக்கிற டிரெடில் மெஷினில் ஓட்டியவன் நான்.

கார்குழலி ஒரு பழைய நோட்டை விரித்து என் முன்னால் வைத்தாள். எனக்கு அது என்ன தெரியும்? மை மங்கியிருந்தது தெரிந்தது.

“ஐயா, இது முதல் கதையோட கையெழுத்துப் பிரதி. இதுல இருக்கற வரிசையும் புக்ல இருக்கற வரிசையும் ஒரு இடத்துல மாறுது. ரெண்டு பக்கம் இடம் மாறி அச்சாயிருக்கு. அம்மாகிட்ட கேட்டேன். ‘லிங்கண்ணாச்சியைக் கேளு, அவர் பிழைன்னு சொன்னா திருத்து’ன்னுட்டாங்க.”

அவளுக்குப் போட்ட டீயை நானே குடித்துவிட்டேன். பத்தொன்பதாம் தேதி திரும்ப வருகிறாளாம். அதற்குள் ஞாபகம் வருவதையெல்லாம் யாரையாவது வைத்து எழுதச் சொல்லி இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

4.6.24

தண்ணீர் வருகிற நாள். ஆறு குடம் பிடித்தேன். இரண்டு குடம் போதும் எனக்கு. கை சும்மா இருக்கவில்லை.

படிக்கத் தெரியாதவனுக்குப் பன்னிரண்டு புத்தகமும் எப்படி மனப்பாடம் என்று குருபாதம் கேட்கிறார். அச்சகத்தில் ஒத்துப் பார்ப்பது என்று ஒரு வேலை உண்டு. எழுதியவர் தன் நோட்டைப் பார்த்து வாய்விட்டு வாசிப்பார். எழுத்துக் கோர்க்கிற கம்போசிட்டர் புரூஃப் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பார். எங்கள் கம்போசிட்டர் சவரிமுத்து கமாவைக்கூட விடமாட்டான். ஆப்பரேட்டரம்மா டியூட்டி முடிந்து நேரே வந்து மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசிப்பார்கள். எக்ஸ்சேஞ்சில் பேசிப் பழகிய குரல், மெஷின் சத்தத்தையும் தாண்டி வரும். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும். இப்போதும் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள், சொல்லுகிறேன்.

பக்கத்தை நான் எழுத்தால் அடையாளம் வைப்பதில்லை. எங்கே பாரா உடைகிறது, எங்கே வெள்ளை விழுகிறது, எந்தப் படக்கட்டை தலையில் நிற்கிறது, அதை வைத்துத்தான். முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதுபோல.

இரண்டாம் புத்தகத்திலிருந்து ஒவ்வொன்றிலும் மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு சின்ன வரி, நட்ட நடுவில். அந்தப் பக்கம் வந்தால் எனக்கு எரிச்சலாக வரும். பக்கம் முழுக்க எழுத்து இருந்தால் அழுத்தம் பரவி விழும். ஒரே வரியென்றால் தாளைக் குத்திக் கிழித்துவிடும். மையும் அப்பிவிடும். அதற்கு மட்டும் மையைக் குறைத்து, அழுத்தத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டதில்லை. ஒத்துப் பார்க்கும்போது அதை அவர்கள் வாசித்ததும் இல்லை.

5.6.24

முருங்கையில் கம்பளிப்பூச்சி. வேறொன்றும் இல்லை.

7.6.24

அந்த இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் புத்தகம் ‘ஒன்பது கிணற்றுத் தீவு’. சின்ன அளவு, அறுபத்து நாலு பக்கம். பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசிக்கட்டும் என்று ஒவ்வொரு பக்கமும் அந்தப் பக்கத்திலேயே முடிகிறமாதிரி எழுதியிருந்தார்கள். மூன்று பிள்ளைகள் பேசும் படகில் ஏறிப் போகிறார்கள். அதில் கடைசிப் பெண் மின்னி. ஒன்பது வயது. வாய் ஓயாது. முக்குளிப்பதில் கெட்டிக்காரி. ஐம்பத்தொன்பதாம் பக்கத்தில் ஒன்பதாவது கிணற்றைத் தேடி அவள் கடலில் குதிக்கிறாள்.

நோட்டில் இருந்தபடி அறுபதாம் பக்கம்:

‘மின்னி தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கினாள். வாயில் ஒரு சங்கு. இத்தனை நேரம் என்ன செய்தாய் என்று மாறன் அதட்டினான். கீழே இருப்பவர்களை எண்ணிவிட்டு வந்தேன், யாரும் குறையவில்லை என்று சொல்லிச் சிரித்தாள்.’

அறுபத்தொன்றாம் பக்கம்:

‘அப்போது ஓர் அலை வந்தது. சத்தமே இல்லாத அலை. அது போன பிறகு மின்னி இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.’

இது குட்டைப் பக்கம். கீழே நாலு விரல் வெள்ளை.

அறுபத்திரண்டில், ‘அதன் பிறகு படகில் யாரும் பேசவில்லை. கரை தெரிந்தது.’ அப்புறம் கதை முடிந்துவிடும்.

புத்தகத்தில் அச்சானது இப்படி: முதலில் அலை, அப்புறம் சங்கோடு சிரிப்பு. அதாவது கடல் கொண்டுபோன பிள்ளை திரும்பி வந்துவிட்டாள். ஆச்சரியத்தில் யாரும் பேசவில்லை. கரை தெரிந்தது.

குருபாதம் பேனாவை மூடிவிட்டு, “அப்பம் பிழைன்னு நீங்க சொன்னா அந்தப் பிள்ள செத்துரும்” என்றார்.

“கதை வே அது.”

“கதைதான். அதுக்கு எதுக்கு நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு வாசலுக்குப் போறீய? உக்காருங்க. எனக்குக் கழுத்து வலிக்கி.”

8.6.24

நடந்ததைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளும்.

1979, ஆகஸ்ட் ஐந்து. பனிமய மாதா கோயில் திருவிழா. முதலாளி ராயனும் சவரிமுத்துவும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அச்சகம் அன்று லீவு. பதினாறு நாள் நான் வேலைக்கு வராததால் பாரம் தேங்கிக் கிடந்தது, அதனால் சாவி வாங்கித் திறந்து நான் மட்டும் ஓட்டினேன்.

“பதினாறு நாளா? என்ன விசேஷம்?” என்கிறார் குருபாதம்.

விசேஷம் ஒன்றும் இல்லை. எழுதும்.

நாலு பக்கத்தை ஒரு இரும்புச் சட்டத்தில் பூட்டுவோம். அதற்குப் பேர் பாரம். கடைசிப் பாரத்தில் அறுபதும் அறுபத்தொன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மடித்தால் நடுவில் தையல் விழுகிற இடம். சட்டம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அவிழ்த்துத் திரும்பப் பூட்டினேன். எழுத்துத் தெரியாதவன், தனி ஆள், அவசரம். பக்கம் மாறிவிட்டது.

அவ்வளவுதான்.

குருபாதம் ‘அவ்வளவுதான்’ என்பதற்கு அடியில் கோடு போட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டால் மனுவில் முக்கியமான இடத்துக்குக் கோடு போடுவது வழக்கமாம்.

9.6.24

புத்தகம் வந்த மறுநாள் ஆப்பரேட்டரம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நல்ல வேகமான நடை. மெஷினில் நின்ற எனக்கு அவர்களுடைய முகம் தெரிந்தது. கால் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். முதலாளி வாசலிலேயே நிறுத்தி ஏதோ பேசினார். உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டார்கள். குடையை வாசலில் மறந்துவிட்டார்கள். கறுப்புக் குடை, பிடி மூங்கில்.

அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, இரண்டு பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை.

பிறகு பிள்ளைகளிடமிருந்து தபால் வர ஆரம்பித்தது. கட்டுக் கட்டாக. மின்னி எப்படி மூச்சுவிட்டாள்? யாரை எண்ணினாள்? அச்சகத்துக்குக் கொண்டுவந்து எல்லோரும் கேட்க வாசிப்பார்கள். சிரிப்பாகக் கிடக்கும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை எழுதியிருந்தது: ‘எங்கள் அண்ணன் போன மாசம் கிணற்றில் விழுந்துவிட்டான். அவனும் மின்னி மாதிரி வருவானா? நான் தினமும் கிணற்றடிக்குப் போய்ப் பார்க்கிறேன்.’

அதை வாசித்துவிட்டு அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் போட்டார்கள் என்று தெரியாது. ஆனால் இரண்டாம் புத்தகம் அதற்குத்தான் பதில் என்று நினைக்கிறேன். அதில் மின்னி சொல்வாள்: ‘நான் மட்டும்தான் வர முடிந்தது. யாரையும் கூட்டிக்கொண்டு வர முடியாது. அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.’ இருபத்திரண்டாம் பக்கம். மெஷினில் வைக்கும்போது அந்தப் பக்கத்தைக் கையால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் பூட்டினேன்.

அப்படியே பன்னிரண்டு புத்தகம். எல்லாம் கீழே போய்த் திரும்பி வருகிற பெண்ணின் கதை.

11.6.24

ஆப்பரேட்டரம்மா வீடு மூன்று தெரு தள்ளி. இடுப்பு எலும்பு உடைந்து நாலு மாதமாகப் படுக்கை. இன்று பார்த்துவிட்டு வரலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். தெரு முக்கில் இளநீர் குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

மத்தியானம் இன்னொரு தடவை போனேன். இன்னொரு இளநீர்.

12.6.24

கார்குழலி போன் பண்ணினாள்.

“ஐயா, முன்னுரையில ஒரு பகுதி எழுதிட்டேன். எழுத்தறியாத ஒரு அச்சுத் தொழிலாளியோட கை தவறினதுல ஒரு கதாபாத்திரம் பிழைச்சுக்கிட்டா, அதுலேர்ந்து பதினொரு புக் பிறந்துச்சுன்னு. உங்க பேரும் போடறேன். ஆனா முதல் புக் மட்டும் அம்மா எழுதின மாதிரியே வரணும்.”

“அந்தப் பிள்ளையைக் கொன்னுதான் ஆகணுமோ?”

“கொல்றது நான் இல்லங்க ஐயா. அம்மா எழுதினது அது. குழந்தைங்ககிட்ட மரணத்தைப் பத்தி அவ்வளவு நேரா எழுத அப்ப எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்துச்சு? அந்தத் துணிச்சலை நாப்பத்தஞ்சு வருஷமா யாரும் பாக்கல. அதை அவங்ககிட்ட திருப்பிக் கொடுக்க வேண்டாமா?”

அதுவும் சரிதான். அவர்கள் சாமான் அது. சரியில்லை என்று எப்படிச் சொல்வேன்?

வைக்கப்போகிறபோது, “இன்னொண்ணு, அம்மா கிளி வளர்த்தாங்களா ஐயா?” என்றாள்.

“பூனைதான். எப்பவும் ரெண்டு மூணு கெடக்கும். ஏம்மா?”

“சும்மா. ஒரு குறிப்புக்கு” என்று வைத்துவிட்டாள்.

போனை வைத்த பிறகு பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டேனோ என்று சந்தேகம். அட்டையை எண்ணிப் பார்த்தேன். ஒரு தடவைகூடப் போடவில்லை.

14.6.24

61 60
60 61
61 60

15.6.24

குருபாதம் திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இன்றுதான் வந்தார். நேற்று நான் போட்ட எண்ணைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அந்த மொத புத்தகம் இருக்கா?”

பன்னிரண்டும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொன்று வெளிவந்தபோதும் எனக்கென்று ஒரு பிரதி கொடுப்பார்கள். எடுத்துக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. நேரே நடுவே புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“அலை வார பக்கத்துல அறுபதுன்னு போட்டிருக்கு. பிள்ள சிரிக்கிற பக்கத்துல அறுபத்தொண்ணு.”

“ஆமா. அதுக்கென்ன?”

“பக்கம் தெரியாமப் போயி மாறியிருந்தா, அடியில உள்ள நம்பரும் கூடல்லா மாறியிருக்கணும்? அறுபத்தொண்ணு முந்தியும் அறுபது பிந்தியும்லா வந்திருக்கணும்? இங்க வரிசையா, சுத்தமா இருக்கே!”

புத்தகத்தைப் பிடுங்கிவிட்டேன். “உமக்கு மனு எழுதத்தான் தெரியும். பிரஸ் வேலையப் பத்தி உமக்கு என்ன தெரியும்?”

“தெரியாதுதான். எட்டாயிரம் மனு எழுதியிருக்கேன் அண்ணாச்சி. பொய் சொல்லுதவன் வந்து நின்னா மட்டும் தெரியும்.”

போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்து, இதையெல்லாம் நான் சொல்லாமலே எழுதிவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போனார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

16.6.24

ரேஷன் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்று பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

17.6.24

இந்தத் தாளை அந்தப் பெண்ணுக்குக் காட்டக்கூடாது என்று குருபாதத்திடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பக்க எண் தனி ஈய எழுத்து. பக்கத்தின் காலடியில் நிற்கும். சட்டத்தைத் தளர்த்தி, முள்ளால் நெம்பி எடுத்துத்தான் மாற்ற முடியும். தானாக மாறாது.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். ஒன்பது வயது. அந்த வருஷம் ஆடியில் காய்ச்சல். மூன்று நாள். மின்னிக்கு என்ன வாயோ அந்த வாய் அவளுக்கு. ஒத்துப் பார்க்கிற நாளில் கேட்டதையெல்லாம் வீட்டில் போய் அவளுக்குச் சொல்வேன். ஐம்பத்தொன்பதாம் பக்கம் வரைக்கும் சொல்லியிருந்தேன். அதற்கு மேல் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காய்ச்சலில் படுத்துக்கொண்டும், “குதிச்சாளே, மேல வந்தாளா அப்பா?” என்று கேட்டாள்.

வந்துவிட்டாள் என்று சொன்னேன்.

பதினாறு நாள் கழித்து அச்சகத்துக்குப் போனால், அந்தப் பாரம் மெஷினில் தயாராக இருக்கிறது. கீழே நாலு விரல் வெள்ளை விட்ட அந்தப் பக்கம், என் கையால் ஆயிரம் தடவை அடிக்க வேண்டியது. வேறு என்ன செய்வேன்? சொன்ன சொல் சொன்னதுதானே.

குருபாதம் அவள் பெயரைக் கேட்டார். பெயர் வேண்டாம் என்றேன். அதை வாயால் சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. என் வீட்டுக்காரி இருந்தவரை அவளும் சொன்னதில்லை.

ஆனால் கோவில்பட்டிப் பிள்ளை எத்தனை நாள் கிணற்றடிக்குப் போனதோ. அதற்கு நான்தான் காரணம். அதையும் எழுதும்.

19.6.24

குளித்து, சட்டை மாற்றி, தெரு முக்கில் நிற்காமல் போனேன். இளநீர்க்காரன், “என்ன தாத்தா, இன்னைக்கு வேண்டாமா?” என்று பின்னாலிருந்து கூப்பிட்டான்.

ஆப்பரேட்டரம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். உடம்பு பாதியாகிவிட்டது. குரல் மட்டும் அப்படியே. காலடியில் இரண்டு பூனை. பக்கத்தில் கார்குழலி, மடியில் கம்ப்யூட்டர்.

“வாங்க அண்ணாச்சி. ஒரு வாரமா தெரு முக்கு வரைக்கும் வந்து இளநியா குடிச்சுத் தள்ளுதீயளாம். சுகர் இருக்கா இல்லையா உங்களுக்கு?”

“இல்லம்மா.”

“பெறகென்ன, உக்காருங்க.”

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கார்குழலி ஏதோ பட்டனை அழுத்தி, “ரெக்கார்ட் பண்ணலாமா ஐயா?” என்றாள். பண்ணு என்றேன்.

“அது கை தவறினது இல்லம்மா. நாந்தான் மாத்துனேன். நம்பரையும் மாத்துனேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். நீங்க எழுதினதுல கை வைக்க எனக்கு ஒரு பாத்தியதையும் கெடயாது. வச்சுட்டேன். இத்தன வருஷமா உங்க முகத்தப் பாத்துட்டுச் சொல்லாம இருந்துட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

கார்குழலி நிமிர்ந்தாள். “வேணும்னே மாத்தினீங்களா? ஏன் ஐயா?”

“அவர்ட்ட ஏன்னு கேக்காத” என்றார்கள் ஆப்பரேட்டரம்மா. என்னைப் பார்த்தார்கள். “அண்ணாச்சி, நம்பர் மாறாம பக்கம் மட்டும் மாறாதுன்னு எனக்குத் தெரியாதா? நம்பர வச்சே கஞ்சி குடிச்சவ நான். புக்கு வந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. மறுநாள் உங்கள நல்லா நாலு வார்த்த கேக்கணும்னுதான் வந்தேன். ராயன் வாசல்லயே மறிச்சிட்டான். ‘ஒண்ணும் பேசாதீய, அந்த ஆளு பிள்ளயப் பொதைச்சிட்டு வந்து நிக்கான்’னான்.”

பூனை ஒன்று இறங்கி என் காலைச் சுற்றியது.

“வீட்டுக்குப் போயி அந்த ரெண்டு பக்கத்தையும் திரும்பத் திரும்ப வாசிச்சேன். கோவம்தான். எங்கதையில இவரு யாரு கை வைக்கன்னு. ஆனா பாத்துக்கிடுங்க, நான் எழுதுனதுல கத அங்கயே முடிஞ்சிருது. நீங்க மாத்துனதுல மேக்கொண்டு ஒரு கேள்வி நிக்கி. கீழ போனவ என்னத்தப் பாத்தா? அதுக்கு பதில் சொல்லத்தான் பதினொரு புக்கு ஆச்சு.”

“கோவில்பட்டிப் பிள்ள…” என்றேன்.

“அதுக்கு அப்பமே எழுதிட்டேன். உங்கண்ணன் வரமாட்டான், நீ கிணத்தடிக்குப் போகாதன்னு எழுதுனேன். அது சண்ட போட்டு எழுதிச்சு. நானும் எழுதுனேன். கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வந்துட்டு.”

கார்குழலி மெதுவாகக் கேட்டாள்: “அப்போ நான் என்ன போடணும் அம்மா? நீங்க எழுதினதா, அச்சானதா?”

ஆப்பரேட்டரம்மா தலையணைக்கடியிலிருந்து முதல் புத்தகத்தை எடுத்தார்கள். மூலையெல்லாம் மழுங்கியிருந்தது. நடுவே விரித்து என் கண்ணுக்கு நேரே நீட்டினார்கள். அப்புறம், எக்ஸ்சேஞ்சில் பேசுவார்களே, அந்தக் குரலில் கேட்டார்கள்:

“நம்பர் ப்ளீஸ்.”

“அறுபது.”

“அடுத்தது?”

“அறுபத்தொண்ணு.”

“கேட்டியா பிள்ள? நம்பர் வரிசையாத்தான் இருக்கு. இதுல என்ன பிழை? இருக்கறபடியே போடு.”

கார்குழலி கம்ப்யூட்டரில் எதையோ அழித்தாள். கொஞ்ச நேரம் தொடர்ந்து அழித்தாள். முன்னுரை என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து வந்து என்னை ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

புறப்படும்போது ஆப்பரேட்டரம்மா, “அண்ணாச்சி, ரெண்டாம் புக்குல மூணாம் பக்கம் யாரையாச்சும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கீயளா?” என்றார்கள்.

“ஒத்த வரிப் பக்கமா? இல்லம்மா.”

“நெனச்சேன். உங்ககிட்ட வாசிச்சுக் காட்ட எனக்குத் தைரியம் வரல. வீட்டுக்குப் போயி, அந்த மனுக்காரரை வாசிக்கச் சொல்லுங்க.”

20.6.24

காலையிலேயே டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டேன். குருபாதம் இரண்டாம் புத்தகத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். எனக்குப் பழகிய பக்கம். நடுவில் சின்னதாக ஒரு வரி. சுற்றிலும் வெள்ளை.

“கிளிக்கு” என்று வாசித்தார்.

“பெறகு?”

“பெறகு ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான். கிளிக்கு.” சிரித்தார். “ஏன் அண்ணாச்சி, அந்தம்மா கிளி ஏதும் வளத்தாவளோ? கிளிக்கா புத்தகத்தக் காணிக்க வச்சிருக்காவ?”

மூன்றாவது புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். கிளிக்கு. நாலாவது. கிளிக்கு. ஐந்து, ஆறு. பிறகு அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பி வாசித்துக்கொண்டே வந்தார். பதினொன்று.

போன திங்கட்கிழமை பெயர் கேட்டீரே. கிளியம்மாள். பள்ளிக்கூடத்தில்தான் அப்படி. வீட்டில் கிளி. எழுதிக்கொள்ளும்.

பதினொரு புத்தகம், ஒவ்வொன்றும் ஆயிரம். அத்தனையும் என் காலால் மிதித்து, என் கையால் தாள் வைத்து எடுத்தது. ஒத்த வரிதானே என்று அதற்கு மையைக் குறைத்துத்தான் கொடுத்தேன்.

இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.